கயிற்றுப் பாலமும் மாமாவின் கல்யாணமும்

என் மாமாவின் கல்யாணம் ஒரு மழைக்காலம் வரும்வரை ஒரு பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அதை அங்கிருந்து விடுவித்து நடத்தி வைத்ததே நான்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் அது உண்மையும்கூட. ஆனால் நான் நினைத்த வகையில் அல்ல.

பாலம் என்றதும் ஆற்றுக்குக் குறுக்கே அக்கரைக்குப் போகிற பாலத்தை நினைத்துவிட வேண்டாம். மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு போய், ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும் மர மேடைக்குத்தான் நாங்கள் பாலம் என்று பெயர் வைத்திருந்தோம். திண்டிவனத்திலிருந்து விருந்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதன் முனை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “மீதிய எப்பக் கட்டுவீங்க?” என்று கேட்டார். அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்கு மீதிக்காரர் என்று பெயர்.

பாலம் இருந்தால் படகு அதன் ஓரமாக வந்து நிற்கும். பெண்கள் மீன் கூடையைக் கையில் வாங்கிக்கொண்டு புடவை நனையாமல் கரைக்கு வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் இடுப்பளவு சேற்றில் இறங்கி, தலையில் கூடையோடு காலால் தடவித் தடவி வர வேண்டும். திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகும் அம்மா, பாலம் இல்லாத மாதங்களில் பஸ்ஸில் தன் பக்கத்தில் யாருமே உட்காருவதில்லை என்று புலம்புவாள். மீன் வாசனையைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூடச் சேற்று நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாலம் நிலைக்காது. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஒரு புயல் வந்து அதைக் கொண்டுபோய்விடும். தை பிறந்ததும் மறுபடியும் கட்டுவார்கள். நின்று கட்ட வைப்பவர் எங்கள் குப்பத்துத் தலைவர். அவரை எல்லோரும் நாட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். போன தடவை போதுமான அளவு கெட்டியாகக் கட்டவில்லை, அதனால்தான் போய்விட்டது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எனவே ஒரு வருடம் நீள ஆணி அடித்தார். அடுத்த வருடம் போல்ட்டு போட்டார். அதற்கும் அடுத்த வருடம் போல்ட்டின் மேல் இரும்புப் பட்டை வைத்து முறுக்கினார். அவர் முறுக்க முறுக்கப் புயலுக்கும் ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ, கடைசித் தடவை ஒரு குச்சிகூட மிச்சம் வைக்காமல் மொத்தமாக வழித்துக்கொண்டு போனது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். திண்டிவனத்தில் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, பாக்கி இருந்த இரண்டு பேப்பரை எழுதாமலேயே ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தார். இரண்டு பேப்பர் பாக்கி என்பதைக் குப்பம் மறக்கவே இல்லை. அவர் எதைச் சொன்னாலும், “இது அந்த ரெண்டு பேப்பர்ல வர்ற சமாச்சாரமா?” என்று யாராவது கேட்பார்கள்.

பாலத்தை மொத்தமாகப் பறிகொடுத்த பிறகு மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாட்டார் இந்த முறை ரயில் தண்டவாளத் துண்டு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமா எழுந்து நின்றார்.

“நீங்க கெட்டியா கட்றதாலதான் நாட்டாரே போவுது.”

கூட்டம் சிரித்தது. மாமா விடவில்லை. “தண்ணி மேலருந்து அடிச்சா பாலம் தாங்கிக்கும். ஏறி வந்து கீழருந்து தூக்குது பாருங்க, அதத்தான் தாங்காது. நீங்க மேல்தட்டையும் காலையும் பிரிக்க முடியாத மாதிரி பூட்டி வச்சிருக்கீங்க. தண்ணி தட்ட தூக்குது, தட்டு காலப் புடுங்கிக்கினு போவுது. கட்டுமரத்த நாம தெனம் அவுத்துக் கட்டல? அதே மாதிரி தட்ட கயித்துல கட்டுவோம். புயல்னு சொன்னா ஜல்தியா அவுத்து வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம். டைம் இல்லன்னா தண்ணியே அவுத்துக்கினு போவட்டும். காலு நிக்கும் இல்ல?”

“கயித்துக் கட்டில்ல மீன் எறக்கச் சொல்றான்டா!” என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி. இந்த வாட்டி நீயே லூசா கட்டு. கார்த்திகை தாண்டி நிக்குதான்னு பாப்போம்.”

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை நாட்டார் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவதென்று அம்மா வெற்றிலைபாக்குக்கும் பழத்துக்கும் சொல்லி வைத்திருந்தாள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல அத்தினி பேரு இருக்கும்போது, பொண்ணு குடுக்கற மனுஷன் கிட்டயாடா போயி வாயக் குடுப்ப?”

சொன்னபடி வெள்ளிக்கிழமை போகவும் செய்தாள். நான் கூடப் போனேன். நாட்டார் எங்களுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். “பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லல தாயீ. பாலம் கார்த்திகை தாண்டட்டும், பேசிக்கலாம்” என்றார். நான் கலரைக் குடித்து முடித்தேன்.

அவருடைய பெண் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துக் குப்பம் முழுவதற்கும் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் எனக்கு அத்தை. அப்போது அக்கா. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். மாமா சாப்பிட்டாரா, சைட்டிலிருந்து வந்துவிட்டாரா என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்பார். கல்யாணம் நடந்தால் எனக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்துத் தருவதாகச் சத்தியம் செய்திருந்தார். ஒன்பது வயதில் எனக்கு அந்தப் பட்டுப் பாவாடையைவிடப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

தை பிறந்ததும் மாமா பாலத்தைக் கட்டினார். பனைமரக் கால்கள், குறுக்கே சவுக்குக் கட்டைகள், அதன்மேல் கதவு அளவில் பன்னிரண்டு பலகைத் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் நாலு மூலையிலும் துளை. துளை வழியாகக் கயிறு இறங்கி, சவுக்கைச் சுற்றி மேலே வந்து, ஒரு நுனியைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும் முடிச்சாக உட்கார்ந்திருக்கும். ஆவணி, புரட்டாசி எல்லாம் பாலம் நன்றாகத்தான் நின்றது. பெண்கள் புடவை நனையாமல் வந்தார்கள். ஆனாலும் அதன்மேல் நடக்கும்போது, “ஏம்பா, மெதுவா நட, அவுந்துக்கப் போவுது” என்று கேலி செய்வதை யாரும் நிறுத்தவில்லை.

இங்கே என் கையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் நொட்டாங்கைக்காரி. எழுதுவது, சாப்பிடுவது, கல் எறிவது எல்லாம் இடது கையால்தான். “சோத்துக் கை எது?” என்று அம்மா மணிக்கட்டில் அடிப்பாள், வலது கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் திரும்பியதும் பழைய கைக்கே வந்துவிடுவேன். அப்பா நங்கூரக் கயிற்றுக்குப் போடும் முடிச்சைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது வந்துவிட்டது. ஆனால் என் முடிச்சு எதிர்ப் பக்கமாகச் சுற்றியிருக்கும். “கண்ணாடில பாத்துப் போட்ட மாதிரி கீது” என்று அப்பா சிரிப்பார். ஆனால் இழுத்துப் பார்த்துவிட்டு, கெட்டிதான் என்றும் ஒப்புக்கொள்வார். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, முடிச்சு அவிழ்ந்தால் ஆள் வீடு திரும்ப மாட்டார் என்பது அ, ஆவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

கார்த்திகையில் புயல் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் சொன்னார்கள். இதில் இரண்டாவது செய்தியைத்தான் நான் கவனித்தேன். ஆண்கள் எல்லோரும் படகுகளைச் சாலை வரைக்கும் இழுத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். படகு முடிந்ததும் பாலத்துத் தட்டுகளை அவிழ்க்கப் போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஆண்களுக்குத்தான் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஊர்க்கூட்டத்தில் மாமா பேசிய அன்று நானும் கோயில் வாசலில்தான் இருந்தேன் என்றாலும், சில்லு எறிந்து பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

சும்மா வேடிக்கை பார்க்கத்தான் பாலத்துக்குப் போனேன். முனையில் நின்றுகொண்டு, காலடியில் கிடந்த ஒரு கயிற்று நுனியைச் சுண்டினேன். முடிச்சு சட்டென்று அவிழ்ந்துவிட்டது. அடுத்ததைச் சுண்டினேன். அதுவும் அப்படியே. ஒரு சின்னப் பெண் தொட்டாலே அவிழ்கிற முடிச்சு புயலில் என்ன ஆகும்?

எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். அக்கா துணியை முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டுத்தையல் போட்டு வைத்துக்கொள்வார். அளவு சரியென்றால் பிறகு மெஷினில் கெட்டியாகத் தைப்பார். மாமாவும் அப்படித்தான் முதலில் ஓட்டு முடிச்சு போட்டிருக்கிறார். கெட்டி முடிச்சு போட மறந்துவிட்டார். இரண்டு பேப்பர் எழுத மறந்தவர்தானே. பாலம் போனால் கல்யாணம் போகும். கல்யாணம் போனால் பட்டுப் பாவாடை போகும். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

முனையிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, நங்கூர முடிச்சாகப் போட்டு, காலை ஊன்றி இழுத்து, பல்லால் கடித்து முறுக்கினேன். நனைந்தால் இன்னும் இறுகும் என்று மேலே தண்ணீரை வேறு கோரித் தெளித்தேன். இடது கையில் தோல் உரிந்தது. ஆறு தட்டு முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மீதி ஆறையும் முடிக்க முடியவில்லையே என்ற வருத்தத்தோடு வீட்டுக்கு ஓடினேன்.

சற்று நேரத்தில் மாமாவும் நாட்டாரும் பத்து ஆட்களும் பாலத்துக்கு வந்தார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போகப் புறப்பட்ட நாங்கள் சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கரைப்பக்கத் தட்டுகள் சுண்டச் சுண்ட அவிழ்ந்து வந்தன. இவர்கள் எதற்கு இதை அவிழ்க்கிறார்கள் என்று எனக்குப் பகீரென்றது. ஏழாவது தட்டில் வேலை நின்றுவிட்டது. ஒருவர் குனிந்தார், இன்னொருவர் குனிந்தார், யாருக்கும் வரவில்லை. கத்தியை எடுத்து இரண்டு முடிச்சை அறுத்தார்கள். அதற்குள் ஓர் அலை தட்டின் மேலேயே ஏறி வந்து இரண்டு பேரைக் கீழே தள்ளியது. நாட்டார் கத்தினார். “வுட்டுட்டு வாங்கடா! பாலம் போனா கட்டிக்கலாம்!”

மாமா கடைசியாக ஒரு முடிச்சின் மேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து நேராகச் சாலைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்து நான் கையசைத்தேன். என் நெஞ்சு பூரித்துப் போயிருந்தது. பத்து ஆள் சேர்ந்தும் அவிழ்க்க முடியாத முடிச்சு! புயல் மட்டும் அவிழ்த்துவிடுமா?

புயல் அவிழ்க்கவில்லை. அதுதான் வேடிக்கை. காற்று ஓய்ந்து, பாதுகாப்புக் கட்டடத்தில் கொடுத்த வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, மடியில் கட்டிக்கொண்டு கரைக்கு வந்து பார்த்தால், கரைப்பக்கத்துக் கால்கள் வரிசையாக அப்படியே நின்றன. குறுக்குச் சவுக்குகூட அசையவில்லை. முனைப் பாதியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், உள்ளே வெகுதூரம் தள்ளி உப்பளத்தில் கிடந்தது. மாடு கால் நீட்டிப் படுத்த மாதிரி பனைமரக் கால்களெல்லாம் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு தட்டும் சவுக்கோடு சேர்ந்தே இருந்தன. என் முடிச்சு ஒன்றுகூட நெகிழவில்லை.

மொத்தக் குப்பமும் சுற்றி நின்றது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் மெஷின் அக்கா, யாரையும் பார்க்காமல் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டார் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு முடிச்சின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

“யார்ரா இதக் கட்னது?”

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“நான்தான் நாட்டாரே” என்றார் மாமா.

என் வாய் திறந்தபடியே இருந்தது.

“கடசி நேரத்துல பயந்துட்டேன். நீங்க சொல்றாப்ல கெட்டியா கட்டிப்புட்டா பேஜாரு இல்லன்னு தோணிச்சு. பாதி கட்டிட்டேன்.”

“அப்ப நேத்து இன்னாத்துக்குடா பேயறஞ்சவன் மாதிரி அதயே பாத்துக்கினு நின்ன?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“என் முடிச்சு இவ்ளோ நல்லா வரும்னு எனக்கே தெரியாதுண்ணே.”

கூட்டம் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தோல் உரிந்தது என் கை, பேர் வாங்குவது மாமாவா? ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து வாயில் போட்டேன்.

நாட்டார் முடிச்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. “ஏன்டா, நீ எந்தக் கைல சாப்புடுவ?” என்று கேட்டார்.

“சோத்துக் கைலதான்.”

இத்தனை பெரிய விவகாரத்தின் நடுவில் இந்த மனிதருக்குச் சாப்பாட்டு ஞாபகம் எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் தலையை நிமிர்த்திப் பிள்ளைகள் நின்ற பக்கம் பார்த்தார். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த என் கையில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி மாமாவைப் பார்த்தார். “ம்” என்றார்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வர்ற வெள்ளிக்கெழம அக்காவ வூட்டுக்கு வரச் சொல்லு” என்றார்.

“பாலம்தான் பாதி போயிடுச்சே நாட்டாரே?” என்றது ஒரு குரல்.

“நிக்கறது எதுன்னு எனக்குத் தெரியும். நீ உன் சோலியப் பாரு.”

அம்மா உப்பளம் என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மெஷின் அக்கா வெட்கப்பட்டு வீட்டுக்கு ஓடிவிட்டார். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு வாரம் மாமாவோடு பேசவில்லை. மாமா குச்சி ஐஸ் வாங்கி வந்து நீட்டினார். வாங்கித் தின்றேன், ஆனால் பேசவில்லை.

“இன்னா கோவம் என்மேல?”

“ஒனக்கே தெரியும்.”

“தெரியும்” என்றார் மாமா. தோல் உரிந்து ஆறிக்கொண்டிருந்த என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திருடியவர் தானே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

தை மாதம் முனைப் பாதியைத் திரும்பக் கட்டினார்கள். மாமாவும் நாட்டாரும் சேர்ந்தே கட்டினார்கள். ஒவ்வொரு முடிச்சையும் நாட்டார் தன் கையால் சுண்டி, அவிழ்கிறதா என்று பார்த்தார். இத்தனை வருடம் முறுக்கிய மனிதர் அவிழ்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதைக் குப்பமே கூடி வேடிக்கை பார்த்தது. நான் பக்கத்தில் போனால் மட்டும், “பாப்பா, நீ கரையிலயே நில்லு கண்ணு” என்பார். தண்ணீரில் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன். இன்றைக்கும் புயல் என்றால் எங்கள் குப்பத்தில் தட்டுகளை அவிழ்த்து ஆளுக்கொன்றாக வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். மழை விட்டதும் கொண்டுவந்து கட்டுகிறார்கள். நடுவில் சிலர் அதன்மேல் கருவாடு காய வைத்துத் திருப்பித் தர மறுப்பதுண்டு. அது வேறு தகராறு.

மாசியில் கல்யாணம். பட்டுப் பாவாடை வந்துவிட்டது. அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை. மாமா தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டார். மீதி இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. அம்மா இரண்டாவதைப் போட்டுவிட்டு, மூன்றாவதில் என் கையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று என்னை முன்னால் இழுத்தாள். நான் வழக்கம்போல இடது கையை நீட்டினேன்.

மாமா மாலையோடு திரும்பினார். “அக்கா, அவள வுடாத. அவ போட்டான்னா பத்து ஆளு வந்தாலும் அவுக்க முடியாது.”

அம்மா ஒன்றும் விளங்காமல் விழித்தாள். பக்கத்தில் நின்ற நாட்டார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். “வுடுங்க மாப்ள, அவளே போடட்டும். இது ஒண்ணு கெட்டியா இருக்கட்டும்” என்றார்.

குனிந்திருந்த அத்தையின் தோளும் சிரிப்பில் ஆடியது. கடைசியில் மாமா எல்லோர் முன்னாலும் என் முடிச்சின் அருமையை ஒப்புக்கொண்டுவிட்டார், என் திறமையை மெச்சித்தான் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். மஞ்சள் கயிற்றை இடது கையில் வாங்கி, முடிச்சைப் போட்டு, போதாதென்று இன்னொரு சுற்றும் சுற்றி, காலை ஊன்றி இழுத்தேன்.